பழைய கைபேசியின் கடைசிப் பதிவு

தோ கும்ஹீ பத்தொன்பது ஆண்டுகளாகப் பிறர் வீட்டுச் சமையலறைகளில் மண்டியிட்டவர். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழுள்ள சிறு கதவைத் திறந்து, குடிநீர் சுத்திகரிப்பானின் வடிகட்டிகளைக் கழற்றிப் புதியன மாட்டி, குழாய் மூட்டுகளை உலரத் துடைத்து, ஒரு குவளை நீரைத் தாமே பருகிக் காட்டிவிட்டு எழுவார். புப்யோங் வட்டாரத்தில் நூற்றெழுபது வீடுகள் அவர் பொறுப்பில் இருந்தன. நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போக வேண்டும். போகுமுன் தொலைபேசியில் நேரம் கேட்க வேண்டும். எங்கள் அடுக்ககத்தில் அவர் பெயரை அறிந்தவர் சிலரே. தண்ணியம்மா என்றால் எல்லாருக்கும் தெரியும்.

அத்தொழிலில் வடிகட்டியைவிடப் பேச்சே பெருந்தொல்லை. மூன்று மணிக்கு வருவதாகச் சொன்னீர் என்பார் ஒருவர். நான்கு என்றல்லவா சொன்னேன் என்பார் இவர். ஆகவே இங்குள்ள பலரைப் போலவே கும்ஹீயும் தம் ஆண்ட்ராய்டு கைபேசியை, வரும் அழைப்பும் போகும் அழைப்பும் தானாகவே பதிவாகும்படி அமைத்திருந்தார். கைபேசி மாறும்போதெல்லாம் பழைய பதிவுகளையும் புதியதற்கு ஏற்றிக்கொண்டே வந்ததால், பதினோராண்டுப் பேச்சு அதனுள் உறங்கியது. ஏழுமுறை வாக்குவாதம் முற்றி, பதிவைப் போட்டுக் காட்டும்படி ஆயிற்று. ஏழுமுறையும் கும்ஹீ சொன்னதே அதில் ஒலித்தது. நாளடைவில் "பதிவைப் போடட்டுமா?" என்று கேட்டாலே எதிராளி தணிந்துவிடுவது வழக்கமாயிற்று. அதிலிருந்து தம் நாவைப் பற்றி அவருக்கு ஓர் உறுதி பிறந்து, பாறைபோல் படிந்துவிட்டது.

அவருக்கு ஒரே மகள், ராவோன். பதினைந்து வயது. இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டு நவம்பரில் ஒருநாள், சோயாக்கூழ்க் குழம்பு ஆறிக்கொண்டிருக்க, அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எங்க கிளாஸ்ல ஐபோன் இல்லாதவங்க ரெண்டே பேரும்மா. நானும் எங்க கணக்கு சாரும்."

"கணக்கு சார் நல்லவர்தானே."

"அவருக்கு அம்பத்தெட்டு வயசும்மா."

"சரி, சாப்பிடு."

"போன வாரம் மலைக்குப் போனப்ப எடுத்த படத்தை எல்லாரும் நின்ன இடத்துலேயே ஒருத்தருக்கொருத்தர் அனுப்பிக்கிட்டாங்க. 'உன்னோடது வயசான மாமாங்க வெச்சிருக்கிற ஃபோன், அதுக்கு இப்படி வராது, அப்புறமா அனுப்பறோம்'னாங்க. அந்த அப்புறம் இன்னும் வரல."

கும்ஹீ மகளின் கிண்ணத்தில் ஒரு மீன் துண்டை எடுத்து வைத்தார். அவரிடம் அது சம்மதத்துக்கு அடையாளம்.

சனிக்கிழமை இருவரும் தரைக்கடியிலுள்ள அங்காடியில் ஜேபில் என்னும் இளைஞனுடைய கைபேசிக் கடைக்குச் சென்றனர். பாட்டை உரக்க ஒலிக்கவிட்டிருந்த அவ்விளைஞன், நடுவயதுப் பெண்கள் எல்லாரையும் அம்மா என்றே அழைப்பவன். வந்தவர்களை அமர்த்திச் சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கைக் கையில் கொடுத்தான். பிறகு மேசைமீது இரண்டு கைபேசிகளை அருகருகே வைத்தான்.

"நான் ஒளிக்க மாட்டேன்மா. ஆண்ட்ராய்டுன்னா பஸ்ல ஃபோனைக் காட்டினாப் போதும், டிக்கெட் காசு கட்டியாச்சு. பேசறதும் பதிவாகும். ஐபோன்ல அது ரெண்டும் இல்ல."

"அப்ப அதை எதுக்கு வாங்கணும்?"

"பாப்பா முகத்தைப் பாருங்க. அங்க எழுதியிருக்கு."

ராவோன் கிழங்கைத் தின்னாமல் வைத்திருந்தாள்.

தாயும் மகளும் ஒரே இயங்குதளத்துக்கு ஒன்றாக மாறினால் ஒரே ஒப்பந்தம். பழைய கைபேசிகள் இரண்டையும் கடைக்குக் கொடுத்துவிட்டால் மகளுடையது பாதி விலை. பிடிக்காவிட்டால் பதினான்கு நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். இதை அவன் விளக்கிக்கொண்டிருந்தபோது கும்ஹீயின் கைபேசி ஒலித்தது. மூன்றாம் தெருவில் தனியே வாழும் கூ பியோங்மன் என்னும் முதியவர், வடிகட்டி மாற்றியதைப் பற்றி ஏதோ கேட்டார். ஒரு காதால் அவரையும் மறுகாதால் மகளையும் கேட்டுக்கொண்டே, ஒரு நிமிடத்துக்குள் கும்ஹீ பேச்சை முடித்துவிட்டு மேசைக்குத் திரும்பினார்.

"பதிவு இல்லேன்னா பரவால்லையா, அம்மா?" என்று ராவோன் மெல்லக் கேட்டாள்.

"ஏழு தடவை போட்டுப் பாத்தாச்சு. ஏழு தடவையும் நான் சொன்னதைத்தான் சொல்லியிருக்கேன். இனிமே என் வாயே போதும்."

ஜேபில் எண்களையும் படங்களையும் செய்திகளையும் புதியதற்கு மாற்றி, "எல்லாம் வந்திருச்சும்மா" என்றான். பழையவை இரண்டும் உறையில் இடப்பட்டு முத்திரையிடப்பட்டன.

செவ்வாய்க்கிழமை மாலை, குளிர்காலக் கிம்ச்சி ஊறுகாய்க்காக உப்பிட்ட கோசு இலைகளைக் கும்ஹீ பிழிந்துகொண்டிருந்தபோது, சுத்திகரிப்பான் நிறுவனத்தின் கிளைத் தலைவர் மெங் சங்உக் அழைத்தார். கூ பியோங்மன் வீட்டில் சுத்திகரிப்பானின் குழாய் கசிந்து, இரண்டு நாள் நீர் ஓடி, மரத்தளம் உப்பிப் பெயர்ந்துவிட்டது. கீழ்வீட்டுக் கூரையும் நனைந்துவிட்டது. கூ சனியன்று மாலை தம் தங்கை வீட்டுக்குப் போய்த் திங்களன்று திரும்பியவர்.

"டியூப் லேசா ஈரமா இருக்கு, வால்வை மூடிட்டேன், மூடியே இருக்கட்டுமான்னு உங்களைக் கேட்டாராம். திறந்தே வைங்கன்னு நீங்க சொன்னீங்களாம்" என்றார் மெங்.

கும்ஹீ சிரித்தே விட்டார். "தலைவரே, பத்தொன்பது வருஷமா யாரு ஈரம்னு சொன்னாலும் முதல்ல வால்வை மூடுங்கன்னுதான் சொல்லுவேன். தூக்கத்துல கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன்."

"எனக்குத் தெரியாதா? ஆனா புகார் எழுத்துல வந்திருக்கு. வெள்ளிக்கிழமை அவரும் வராரு. உங்க மேல தப்புன்னு ஆச்சுன்னா மூணாம் தெரு உங்க கையை விட்டுப் போயிடும். நாப்பது வீடு. பதிவு இருக்குமே, கொண்டு வந்திடுங்க."

"கொண்டு வரேன்."

உப்புக்கையைத் துடைத்துக்கொண்டு புதிய கைபேசியைத் திறந்தார். எண்கள் இருந்தன. ராவோனின் குழந்தைப் பருவப் படங்கள்கூட இருந்தன. பேச்சுப் பதிவுகள் எங்கும் இல்லை. ராவோன் வாங்கித் தேடினாள். அவள் விரல்கள் வேகமாக ஓடி, பிறகு மெல்ல ஓடி, நின்றன.

"அதெல்லாம் இதுக்கு வராதும்மா. அது வேற, இது வேற."

பதினோராண்டுக் குரல்கள் ஓர் உறைக்குள் முத்திரையிடப்பட்டுக் கிடக்கின்றன என்பது கும்ஹீக்கு அப்போதுதான் உறைத்தது. தரையில் பரப்பியிருந்த கோசு இலைகளுக்கு நடுவே, எழ மறந்தவராய் நெடுநேரம் அமர்ந்திருந்தார்.

மறுநாள் பள்ளி விட்டதும் இருவரும் ஜேபிலின் கடைக்கு ஓடினர். உறைகள் இன்னும் இழுப்பறையில் இருந்தன. உள்ளிருப்பதை அழிக்க வியாழனன்று அனுப்பப்படும்.

"ஒரே ஒரு பேச்சைக் கேட்டுட்டுத் திருப்பிக் கொடுத்திடறேன், தம்பி."

"முத்திரையைப் பிரிச்சா ஒப்பந்தம் ரத்தும்மா. உங்களோடது மட்டும் இல்ல. ரெண்டும் ஒரே ஒப்பந்தம்." அவன் ராவோனைப் பாராமல் சொன்னான். "பாப்பாவோடதும் திரும்பி வரணும்."

 கும்ஹீயால் மகளிடம் கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. நான்கு நாளாக மகள் வகுப்புத் தோழிகளோடு பேசிச் சிரித்த ஓசை வீட்டில் புதிதாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

ராவோன் தன் கைபேசியிலிருந்து முயல் காது வைத்த உறையைக் கழற்றினாள். கைபேசியை மேசைமீது வைத்தாள்.

"உறை நான் காசு கொடுத்து வாங்கினது. அதைத் தர மாட்டேன்."

"வேற ஃபோனுக்கு அது பொருந்தாதே, பாப்பா" என்றான் ஜேபில்.

"பொருந்தலேன்னா போகட்டும். அம்மா பொய் சொல்லலேன்னு அந்தத் தாத்தாவுக்குத் தெரியணும்."

பழைய கைபேசி உயிர்பெற்றதும், கடைக்கு வெளியே இருந்த நீள்பலகையில் இருவரும் அமர்ந்தனர். பதிவுகளின் வரிசையில் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது அதுவே: சனிக்கிழமை, மூன்று மணி இருபது நிமிடம், கூ பியோங்மன். கைபேசியைத் தந்துவிடும் முன் பேசிய கடைசிப் பேச்சு. கும்ஹீ அதைத் தொட்டார்.

முதலில் கேட்டது கடையின் பாட்டு. பிறகு முதியவரின் நிதானமான குரல்.

"தண்ணியம்மா, அந்த டியூப் லேசா ஈரமா இருக்கு. நான் ரெண்டு நாள் ஊர்ல இருக்க மாட்டேன். வால்வை மூடிட்டேன். மூடியே இருக்கட்டுமா?"

அதற்குள் இன்னொரு குரல், அருகிலிருந்து: "அம்மா, வெள்ளையா கருப்பா? சீக்கிரம் சொல்லேன்." அது ராவோனின் குரல்.

பிறகு அவசரமான ஒரு பெண்குரல். "திறந்தே வைங்க ஐயா, புதுசு மாத்தினா கொஞ்சம் ஈரம் இருக்கத்தான் செய்யும், ஒண்ணும் ஆகாது. வெச்சிடறேன்." உடனே, அழைப்பு துண்டிக்கப்படுமுன், அதே குரல்: "வெள்ளையே எடு."

கும்ஹீ மறுபடி தொட்டார். அதே பாட்டு, அதே ஈரம், அதே வெள்ளை. மூன்றாம் முறை கேட்கும்போது, அந்தப் பெண் யார், தம் தொண்டையிலிருந்து ஏன் பேசுகிறாள் என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. செவ்வாய்க்கிழமை தாம் சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்தது. தம் நினைவில் அந்தப் பேச்சு தெளிவாகவே இருந்தது. அதில் அவர் மூடுங்கள் என்றே சொல்லியிருந்தார். சொன்ன தொனிகூட நினைவிருந்தது. அப்படியொரு பேச்சு உலகில் நிகழவே இல்லை.

பக்கத்தில் ராவோன் இரு கைகளாலும் முயல் உறையைப் பற்றிக்கொண்டு விறைத்திருந்தாள்.

"நான் கேட்டதாலதானே..." என்று தொடங்கி, "அழிச்சிடும்மா" என்று முடித்தாள். "ஃபோனை மாத்தினோம், எல்லாம் போயிடுச்சுன்னு சொல்லு. அந்தத் தாத்தாகிட்ட எந்தப் பதிவும் இல்லையே."

கும்ஹீ அதை அழிக்கவில்லை. வீடு வரும்வரை அவர் பேசிய ஒரே சொல் "வா" என்பதே.

வெள்ளிக்கிழமை கிளை அலுவலகத்தில் கூ பியோங்மன் முன்பே வந்து அமர்ந்திருந்தார். கழுத்துத்துணியை மடித்து மடியில் வைத்திருந்தார். கும்ஹீ அமர்வதற்குள் அவரே எழுந்து, தலை தாழ்த்தினார்.

"புகாரைத் திருப்பி வாங்கிக்கிறேன், தலைவரே. இந்த அம்மா எட்டு வருஷமா எங்க வீட்டுக்கு வராங்க. அப்படிச் சொல்றவங்க இல்ல. நான்தான் மாத்திக் கேட்டிருப்பேன்."

"அன்னிக்கு அவ்வளவு உறுதியாச் சொன்னீங்களே, ஐயா" என்றார் மெங்.

"உறுதியாத்தான் இருந்தேன். என் பையன் சொல்றான், அதுதான் மறதி நோவோட அடையாளமாம். இல்லாததை நடந்த மாதிரியே சொல்றதாம்." முதியவர் கழுத்துத்துணியை மறுபடி மடித்தார். "போன மாசம் அடுப்பை அணைக்காமப் போனேன்னு சொன்னான். நான் அணைச்சேன்னு நினைச்சேன். இப்ப இது. வீட்டை வித்துட்டு அடுத்த வாரம் முதியோர் இல்லம் பாக்கப் போறோம். அங்க தண்ணியெல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க."

மெங் பெருமூச்சோடு கோப்பை மூடினார். "அப்ப முடிஞ்சுது. கும்ஹீ அம்மா, நீங்க பதிவைப் போட வேணாம்."

கும்ஹீ வாய் திறக்காமல் இருந்தால் போதும். மூன்றாம் தெரு அவர் கையிலேயே இருக்கும். பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. அவர் முதியவரின் கைகளைப் பார்த்தார். அவை துணியை விரித்தன, மீண்டும் மடித்தன. பிறகு கும்ஹீ பழைய கைபேசியை மேசையின் நடுவே வைத்துத் தொட்டார்.

பாட்டு ஒலித்தது. ஈரம், வால்வு, வெள்ளையா கருப்பா, திறந்தே வைங்க.  மெங்கின் பேனா அவர் விரலிலிருந்து உருண்டு மேசைமேல் விழுந்தது.

"இது நான்" என்றார் கும்ஹீ. "எனக்கு நினைவே இல்ல. மூடச் சொன்னதா நினைச்சேன். இன்னிக்கும் அப்படித்தான் நினைவிருக்கு. மறந்தது நீங்க இல்ல, ஐயா."

முதியவர் கைபேசியையே பார்த்தார். சினம் வருமென்று கும்ஹீ காத்திருந்தார்.

"இன்னொரு தடவை போடுங்கம்மா" என்றார் அவர்.

போட்டார். தம் குரல் வரும் இடத்தில் முதியவரின் உதடுகள் கூடவே அசைந்தன: மூடிட்டேன், மூடியே இருக்கட்டுமா. ஒரு சொல்லும் மாறவில்லை. அவர் மடியிலிருந்து கழுத்துத்துணி நழுவித் தரையில் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

"அப்படியே இருக்கு" என்று முணுமுணுத்தார். "நான் சொன்னது அப்படியே இருக்கு."

மெங் தொண்டையைச் செருமினார். "நீங்களே போட்டதுக்கு அப்புறம் எனக்கு வேற வழி இல்ல, கும்ஹீ அம்மா. மூணாம் தெருவை வேற ஆளுக்குத் தரணும்."

"தெரியும், தலைவரே."

"என் வீட்டை மட்டும் விட்டுடுங்க. இவங்களே வரட்டும்" என்றார் முதியவர். பிறகு கும்ஹீயின் பக்கம் சாய்ந்தார். "இதை என் பையனுக்கு அனுப்ப முடியுமா? நான் சொன்னா நம்ப மாட்டான்."

முதியவர் எண்ணைச் சொல்லச் சொல்லக் கும்ஹீ தட்டினார். ஓரிடத்திலும் தடுமாறாமல் பதினோர் இலக்கங்களையும் அவர் சொல்லி முடித்தார். பதிவு போய்ச் சேர்ந்தது. அதன் பக்கத்தில், இன்னும் திறக்கப்படவில்லை என்பதற்கு அடையாளமாக, ஒன்று என்னும் சிறிய மஞ்சள் எண் நின்றது. மூவரும் தலைகளைச் சேர்த்து அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தனர்.

எண் மறைந்தது. அந்தப் பேச்சின் நீளம் ஐம்பது நொடி. மகன் அதைக் கேட்டு முடிக்கும் நேரமும் கடந்தது. பிறகு கூ பியோங்மனின் மேலங்கிப் பைக்குள் கைபேசி ஒலித்தது. அவர் அதை வெளியே எடுத்து, திரையில் தம் மகனின் பெயரைப் பார்த்தார். உடனே எடுக்காமல் இன்னும் சற்று ஒலிக்கவிட்டார்.