பெயர் வரும் இடம்

படம் முடிவதற்கு முன்பே எழுந்து ஓடுவதுதான் எங்கள் ஏரியா வழக்கம். கதாநாயகன் கடைசி வசனத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் பைக் எடுக்கப் போயிருப்பார்கள். அன்றைக்கு அம்பத்தூர் தியேட்டரில் ஒரு வரிசை முழுக்க நாங்கள் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். என் மகளுடைய பெயர் திரையில் வரப்போகிறது என்று மேனாம்பேட்டில் எங்கள் தெருவுக்கே சொல்லி, வந்தவர்களை எல்லாம் கூட்டிக்கொண்டு போனவள் நான்தான்.

அது வெளிநாட்டுப் படம். அதில் பறக்கிறவர்கள் எல்லாம் கம்பியில் தொங்குகிறவர்கள்தான். அந்தக் கம்பியைக் காட்சியிலிருந்து அழிப்பது என் மகளுடைய வேலை. நாங்கள் எஸ்டேட் என்று சொல்லும் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அவளுடைய ஸ்டுடியோ இருக்கும் ஷெட், ஒரு காலத்தில் பிரஸ் ஷாப். கார் பாகங்களுக்குத் தகடு அடித்த இடம். நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்ததும் அங்கேதான். அது மூடியதும் பக்கத்துத் தெருவில் இன்னொரு பிரஸ் ஷாப்பில் இன்ஸ்பெக்‌ஷனுக்குச் சேர்ந்தேன், இன்றுவரை அங்கேயே இருக்கிறேன். நான் வியர்த்து விறுவிறுத்து நின்ற இடத்தில் இப்போது ஏசி போட்டு, என் மகள் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நினைத்தால் சிரிப்புதான் வரும்.

அவள் அங்கே போனது எனக்குப் பிடிக்கவே இல்லை. படித்த படிப்புக்கு ஒழுங்காக ஐடி கம்பெனிக்குப் போகாமல் கம்பி அழிப்பதெல்லாம் ஒரு வேலையா என்று வீடே அதிரக் கத்தினேன். "படத்துல பேரு வரும்மா, ஒலகமே பாக்கும்" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன்.

திரையில் பெயர்கள் ஏற ஆரம்பித்ததும் எனக்குத் தொழில் புத்தி வந்துவிட்டது. கம்பெனியில் ஒரு ட்ரே பீஸைச் சோதிக்கும்போது ஆளுக்கு ஒரு மூலையாகப் பிரித்துக்கொள்வோம். அதேபோல இங்கேயும் பிரித்தேன். இடது பக்கம் எனக்கு. வலது பக்கம் மகளுக்கு. நடுவில் பார்க்க, என்னோடு பிரஸ்ஸில் வேலை செய்யும் பூந்தமல்லிக்காரி. பெருநாளுக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு குடும்பத்தோடு வந்திருந்தாள் பாவம். என் வீட்டுக்காரருக்கு இங்கிலீஷ் அவ்வளவு வேகமாக ஓடாது. அவரை முதல் எழுத்தை மட்டும் பார்க்கச் சொன்னேன்.

துடைப்பத்தோடு ஒருவர் வந்தார். "யம்மா, படம் முடிஞ்சிச்சு. அடுத்த ஷோக்குப் பெருக்கணும், எய்ந்திருங்க."

"இருப்பா, என் பொண்ணு பேரு வரப் போவுது."

அவர் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார். "எந்தப் பக்கம் வரும்?" என்று கேட்டு, அவரும் பார்க்க ஆரம்பித்தார்.

பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. சாப்பாடு போட்டவர் பெயர் வந்தது, வண்டி ஓட்டியவர் பெயர் வந்தது. என் மகள் பெயர் வரவில்லை. விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

"வேகமா பூட்சிக்கா, நாமதான் வுட்டுட்டோம்" என்றாள் பூந்தமல்லிக்காரி. "இல்லக்கா, வரல" என்று மகள் மெதுவாகச் சொன்னாள். அவளுடைய ஸ்டுடியோவுக்கு வேலை கொடுத்தது வெளிநாட்டில் வேறொரு கம்பெனி. இவர்கள் அனுப்பிய பெயர்களை அங்கே யாரோ வெட்டிவிட்டார்கள். ஸ்டுடியோ பெயர்கூட வரவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வீட்டுக்கு வந்ததும், "நாளைக்கு நான் வரேன் உன் ஆபீசுக்கு. உன் மொதலாளிய நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்குறேன்" என்று குதித்தேன்.

அவள் நிதானமாகக் கேட்டாள். "நீ பாக்குற பீஸ்ல உன் பேரு இருக்குதாம்மா?"

"ஏன் இல்ல? கம்பெனி கோடு, ஷிப்டு, என் பேரோட மொதல் எழுத்து எல்லாம் பஞ்ச் பண்ணிதான் போவுது."

"அது எதுக்கு?"

"கம்ப்ளெயின்ட் வந்தா ஆளைப் புடிக்க."

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. அவள் காபி போடப் போய்விட்டாள்.

அடுத்த வாரமே குண்டைத் தூக்கிப் போட்டாள். வேலையை விடப் போகிறாளாம். கூட வேலை செய்யும் இரண்டு தோழிகளோடு சேர்ந்து சொந்தமாக ஒரு கார்ட்டூன் படம் செய்யப் போகிறாளாம். கதை நடப்பது எஸ்டேட்டில். "நீ சரின்னு சொன்னாதான்மா வுடுவேன்" என்றாள். முடியாது என்றேன். வீட்டுக் கடனில் பாதி அவள் சம்பளத்தில் போகிறது. மூன்று பெண்கள் உட்கார்ந்து வரைகிற கதையை எவன் பார்ப்பான்? எனக்குப் பயமாக இருந்தது, அதைக் கோபமாகக் காட்டினேன். பேச்சு அதோடு நின்றது.

அந்த மாதம்தான் எங்கள் கம்பெனிக்குக் கொரியாவிலிருந்து தரம் பார்க்கும் ஆடிட்டர் வந்தார். நாங்கள் அடிக்கும் தகடு கடைசியில் அவர்கள் காருக்குத்தான் போகிறது. முன்பெல்லாம் கொரியாக்காரர் என்றாலே மிஷினுக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவோம். முகத்தில் சிரிப்பே இருக்காது, கையில் எடுத்த பீஸை ரிஜெக்ட் பண்ணாமல் வைக்க மாட்டார்கள். இந்த முறை லைனில் நின்ற சின்னப் பெண்கள் அவர் மொழியிலேயே குனிந்து வணக்கம் சொன்னார்கள். எல்லாம் செல்போனில் அந்த ஊர் தொடர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. மனிதர் திகைத்துப் போனார். காது சிவந்துவிட்டது. கூட வந்த மொழிபெயர்ப்பாளர் மூலம் சொன்னார்: தான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தங்கள் நாட்டைப் பற்றி வெளியே யாருக்கும் ஒன்றும் தெரியாது, மலிவாகச் செய்து தருவார்கள் என்பதைத் தவிர.

பிறகு வழக்கம்போல ஒரு ட்ரேயை ரிஜெக்ட் பண்ணிவிட்டுத்தான் போனார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்தப் பெண்களில் ஒருத்தி, "பாவம்க்கா, அந்த ஊரு அப்பாங்க அப்டித்தான். வெளில மொறைப்பாங்க, உள்ள பாசம் கீது" என்றாள். நான் அவளையே பார்த்தேன். அந்த மனிதரின் பெயர்கூட இவளுக்குத் தெரியாது. ஆனால் அவர் வீட்டில் சாப்பாட்டு மேஜை எப்படி இருக்கும், கோபம் வந்தால் என்ன செய்வார், அழுகையை எப்படி மறைப்பார் எல்லாம் தெரியும். பத்து வருஷமாக அவர்கள் காருக்குத் தகடு அடித்தும் எனக்குத் தெரியாதது, தொடர் பார்த்த இவளுக்குத் தெரிந்திருக்கிறது. அடியையும் வாங்கிக்கொண்டு அடித்தவருக்காக இரக்கப்படுகிறாள். இதைக் கதைதான் செய்யும், காரால் செய்ய முடியாது.

நாங்கள் செய்யாததா? ஆவடியில் ராணுவ டாங்கியே செய்கிறார்கள். எஸ்டேட்டிலிருந்து போகும் பாகங்கள் எந்தெந்த நாட்டிலோ ஓடுகின்றன. குமணன்சாவடியில் நின்றால் கன்டெய்னர் லாரிகள் போய் முடிவதற்குள் கால் கடுத்துவிடும். இவ்வளவு போகிறது, ஆனால் எங்கள் சாப்பாட்டு மேஜை எப்படி இருக்கும் என்று வெளியே ஒருவருக்கும் தெரியாது. நம் கதைகளும் இனி ஏற்றுமதி ஆகப் போகின்றன என்று டிவியில் பெரிய மனிதர்கள் பேசுகிறார்கள். ஆகட்டும், நல்லதுதான். ஆனால் அதை யாராவது உட்கார்ந்து செய்ய வேண்டும். என் மகள் அதைத்தான் கேட்டாள், நான் முடியாது என்றேன். பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது இதே நினைப்பு.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. பிரஸ் மிஷினில் அச்சை மாற்றியதும் அடிக்கும் முதல் பீஸை என்னிடம் கொண்டுவருவார்கள். நான் பார்த்து, பச்சை மார்க்கரால் டிக் அடித்து, பக்கத்தில் என் எழுத்தைப் போட்டால்தான் மிஷின் ஓடும். பிறகு எது கோணலாகப் போனாலும் முதல் கேள்வி எனக்குத்தான். மேனேஜர் கேட்பார், கஸ்டமர் கேட்பார், பதில் சொல்லியாக வேண்டும். அதனால் நான் சாமானியத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். மகள் லேப்டாப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"முதல் பீஸும்மா. பாத்து சொல்லு."

கொஞ்ச நேரம்தான் ஓடியது. ஒரு பிரஸ் ஷாப். புடவைக்கு மேல் ஓவர்கோட் போட்ட ஒரு பொம்பளை இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இன்னாயா பீஸ் இது, இத்த வச்சி நான் இன்னா பண்றது?" என்று ஒருவரைக் காய்ச்சுகிறாள். குரல் மகளுடையது, பேச்சு முழுக்க என்னுடையது. திட்டி முடித்துவிட்டு, யாரும் பார்க்காதபோது அந்த ஆளின் தட்டில் தன் டப்பாவிலிருந்து ஒரு முட்டையை எடுத்து வைக்கிறாள். நான் அப்படிச் செய்வது இவளுக்கு எப்படித் தெரிந்தது? எனக்கு அழுகை வந்தது. என் மூக்கை அவ்வளவு பெரிதாக வரைந்ததற்குக் கோபமும் வந்தது.

"இன்னொரு வாட்டி போடு" என்றேன். போட்டாள். மறுபடியும் போடச் சொன்னேன். அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

எழுந்து போய் என் கம்பெனிப் பையிலிருந்து பச்சை மார்க்கரை எடுத்துவந்தேன். லேப்டாப்பை மூடி, அதன் முதுகில் ஒரு டிக் அடித்து, பக்கத்தில் என் எழுத்தைப் போட்டேன்.

"ஐயோ அம்மா, அது அழிச்சாலும் போவாதும்மா."

"போவக் கூடாது" என்றேன். "கம்ப்ளெயின்ட் வந்தா என்னைத்தான கேப்பாங்க."