கொக்கியைக் கழற்றச் சொன்னவள்

பேருந்தில் இடம் கிடைத்தாலும் யுவஸ்ரீ உடனே உட்காருவதில்லை. இருக்கையின் கால் தரையோடு பற்றவைக்கப்பட்ட இடத்தைக் குனிந்து பார்ப்பாள். நகத்தால் ஒருமுறை வருடுவாள். பிறகு விளிம்பில் மட்டும் அமர்வாள். “இதுல விரிசல் இருக்குதுங்ணா. சின்னதுதான். ஆனா வளரும்” என்பாள். அப்புறம் எனக்கும் அங்கே நிம்மதியாக உட்கார முடியாது.

சூளகிரியில் எங்கள் தெருப் பெண். சேலத்தில் உலோகவியல் பொறியியல் மூன்றாமாண்டு முடித்தவள். இந்தக் கோடைக்குப் பெங்களூரு ஆய்வுக்கூடம் ஒன்றில் ஆராய்ச்சிப் பயிற்சி கிடைத்தது. காலையில் ஒரே பேருந்தில்தான் கிளம்புவோம். நான் வேலைக்கு ஓசூரில் இறங்கிவிடுவேன். அவள் வேறு பேருந்து ஏறி அத்திப்பள்ளி தாண்டிப் போவாள். தொடக்கத்தில் அவளுக்கு அங்கே எல்லாமே பயம். ஆங்கிலத்தில் கேள்வி கேட்பார்களோ, அந்தப் பெரிய நுண்ணோக்கியில் கைபட்டு ஏதாவது ஆகிவிடுமோ என்று. “பக்கத்துல நின்னு மூச்சு விடவே யோசனையா இருக்குதுங்ணா.” மதியச் சோற்றைக்கூடப் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்து தின்பாளாம்.

உடைந்த இரும்புத் துண்டுகள் ஏன் உடைந்தன என்று பார்ப்பதுதான் அவளுக்குத் தந்த வேலை. உடைந்த முகத்தை நுண்ணோக்கியில் பெரிதாக்கினால் அலை அலையாகக் கோடுகள் தெரியும். பாரம் ஏறி இறங்கும்போதெல்லாம் விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்த தடம் அது. “ஒடையற வரைக்கும் வெளிய பாத்தா ஒண்ணுமே தெரியாதுங்ணா” என்று ஒருநாள் சொன்னாள். அன்று அவள் பார்த்தது ஒரு கிரேன் கொக்கியின் துண்டு.

அவளுடைய அப்பா ராமப்பன், நான் கிடங்கு பார்க்கும் வார்ப்படத் தொழிற்சாலையில்தான் இருக்கிறார். கிரேன் தூக்கி வரும் கனத்த இரும்பு அச்சுகளைக் கையால் தள்ளி, இடம் பார்த்து இறக்குபவர். வேலை முழுக்கக் கொக்கிக்குக் கீழே.

அன்றிலிருந்து அவர் வீடு திரும்பும்வரை யுவஸ்ரீ தெருமுனையில் நிற்க ஆரம்பித்தாள்.

“நைனா, அந்தக் கொக்கிய கடைசியா எப்ப செக் பண்ணாங்க?”

“வருசா வருசம் பெயிண்ட் அடிக்கறாங்கம்மா. அது என்னைய விடக் கெட்டி” என்று ராமப்பன் சிரித்தார்.

அந்தப் பெயிண்ட்தான் அவளை மேலும் கலக்கியது. அடியில் என்ன இருந்தாலும் மூடிவிடுமே.

விரிசலைக் காட்டும் சாய டப்பாக்கள் ஆய்வுக்கூடத்தில் உண்டு. கேட்க வேண்டிய ஆங்கில வாக்கியத்தைப் பேருந்தில் உதடு அசைய ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். அங்கே அவளுக்கு வழிகாட்டும் பேராசிரியை காரணத்தைக் கேட்டதும் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்துவிட்டாராம்.

எங்கள் மேற்பார்வையாளர் விஜயகுமாரிடம் நான்தான் அவளை அழைத்துப் போனேன். “காலேஜ் புராஜெக்டுக்கெல்லாம் லைன நிறுத்த முடியுமாம்மா?” என்றார் அவர்.

யுவஸ்ரீயின் துப்பட்டா நுனி விரலில் சுற்றிச் சுற்றி இறுகிக்கொண்டிருந்தது. “தப்பா இருந்தா என்னைய திட்டுங்க சார். ஒரு வாட்டி அதக் கழட்டிக் கீழ வைங்க. எங்க நைனா அதுக்கு அடியிலதான் நிக்கறாரு.”

அவர் ராமப்பனை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, சாப்பாட்டு இடைவேளையில் கழற்றச் சொன்னார்.

பெயிண்ட்டைச் சுரண்டித் துடைத்தாள். சிவப்புச் சாயம் அடித்து ஊறவிட்டாள். அதையும் துடைத்தெடுத்து வெள்ளைப் பூச்சு தெளித்தாள். விரிசல் இருந்தால் அதற்குள் ஊறிய சிவப்பு வெள்ளையில் கசிந்து தெரியுமாம். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. விஜயகுமார் கடிகாரத்தைப் பார்த்தார். “ஒண்ணும் வராம இருந்தாப் போதுங்ணா” என்று என் காதில் முணுமுணுத்தாள்.

கொக்கியின் உள்வளைவில் மயிரிழை போலச் சிவப்பு கசிந்தது. பிறகு நீண்டது.

விஜயகுமார் தானே துடைத்துவிட்டு மறுபடி தெளித்தார். அதே இடத்தில் அதே கோடு. “மத்த கிரேனையும் நிறுத்துங்கப்பா” என்றார்.

ராமப்பன் தரையில் கிடந்த கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே வெறும் சங்கிலி மட்டும் தொங்கியது. அவர் நெருங்கி வந்து, மகளின் முழங்கையைப் பிடித்து, அந்தச் சங்கிலிக்கு அடியிலிருந்து அவளைத் தள்ளி நிறுத்தினார்.