தாழ்ப்பாள் பலகை

பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி என் தங்கை கணவரைத் தேடி வந்தால், எங்கள் தெருவில் யாருக்கும் ஆளைத் தெரியாது. சாவி வீடு எது என்று கேட்டால் கைக்குழந்தைகூடக் கைகாட்டும். பேருந்து நிலையத்துச் சுவரை ஒட்டி அவருக்கு ஒரு பெட்டிக்கடை. ஒருவர் உட்காரலாம், இரண்டாவது ஆள் நுழைந்தால் மூச்சுவிட முடியாது. சுவர் முழுக்க ஆணி, ஆணி முழுக்கச் சாவி. அவர் திறக்காத பூட்டு இந்த ஊரில் இல்லை. திறக்காதது அவர் வாய் ஒன்றுதான்.

அவர்கள் மாடியில் இருக்கிறார்கள், நான் கீழே. அவர்கள் சண்டையில் பாதி கூரை வழியாகவே எனக்கு வந்துவிடும். மீதியைத் தங்கை இறங்கி வந்து சொல்லிவிட்டுப் போவாள். காலையில் அவள் மருந்துக்கடை வேலைக்குப் போகும் நாட்களில் அவர்கள் மகள் பொடிசு என்னிடம்தான் இருப்பாள். மூன்று வயது. கண்ணில் பட்டதையெல்லாம் தொட்டுப் பார்க்க வேண்டும், முடிந்தால் நக்கியும் பார்க்க வேண்டும். என் மூக்குக் கண்ணாடியையும் நக்கியிருக்கிறாள்.

தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸ் ஒருத்தி, இந்த வயதில் பிள்ளைகள் கையால்தான் யோசிப்பார்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். சொரசொரப்பு, வழுவழுப்பு, சில்லென்று இருப்பது, பிசுபிசுப்பது எல்லாவற்றையும் தொடவிடுங்கள், தொடும்போதே அதன் பெயரைச் சொல்லுங்கள் என்றாளாம். தங்கை அதைக் குளியலறையில் செய்து பார்த்தாள். தொட்டி நிறைய நுரை, பிழிந்து விளையாட ஒரு பஞ்சு, பூவிதழை வைத்து உறையவிட்ட ஐஸ்கட்டி. ஈரச் சோப்பு கையைவிட்டு நழுவி ஓடும்போதெல்லாம் பொடிசு, மீன் ஓடிப்போச்சு என்று சிரிப்பாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் சோப்புக்கு மீன் என்று பெயர். குளித்து முடிப்பதற்குள் அடுப்பில் வைத்த சோறு குழைந்துவிடும். தங்கை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டாள்.

சாவியோ நர்ஸ் சொன்னதைப் பெரிய வேலைக்கு முன்பணம் வாங்கினவர்போல எடுத்துக்கொண்டார். பழைய அலமாரிக் கதவு ஒன்றைக் கொண்டுவந்து, சிலாம்பு இல்லாமல் தேய்த்து, சுவரில் சாய்த்தார். ஒரு மூலையில் உப்புத்தாள், அதன் பக்கத்தில் வெல்வெட் துணி. செருப்புத் துடைக்கும் பிரஷ், இரும்புச் சங்கிலி, ஒரு ஜிப். பிறகு அவர் தொழில் சரக்கு: கொக்கி, சுவிட்ச், குட்டிப் பூட்டு, வகைக்கு ஒன்றாகத் தாழ்ப்பாள்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தில் கயிறு. எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துரு எடுத்தார். விளிம்பை அரம் போட்டு மழுக்கினார். கடைசியில் எண்ணெய் விட்டு, தன் சுண்டுவிரலால் மட்டும் தள்ளிப் பார்த்தார். குழந்தை விளையாட்டுக்கு இவ்வளவு மெனக்கெடணுமா என்று கேட்டேன். பிள்ளை விரல் நோகக்கூடாது என்றார். அந்த வாரத்துக்கு என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் பலகை முன்னால் உட்கார்ந்தால் மனுஷனுக்கு எங்கிருந்துதான் வாய் வருமோ. கடையிலிருந்து வந்து கை கழுவியதும் மகள் பக்கத்தில் சம்மணம் போட்டுக்கொள்வார். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு தடவித் தடவிப் பெயர் சொல்லுவாள். இவர், இது ஏன் சில்லுன்னு இருக்கு சொல்லு, இது இரும்பு, அதான் என்று ஓயாமல் பேசுவார். படிக்கட்டில் நின்று ஒட்டுக்கேட்டிருக்கிறேன். எனக்கே பொறாமையாக இருக்கும்.

விரல் பழகிவிட்டால் பலகையோடு நிற்குமா? ஒருநாள் தங்கை சமையலறையில் இருந்த நேரத்தில், பொடிசு வாசல் கதவின் தாழ்ப்பாளைத் தானே திறந்துகொண்டு, படியிறங்கி, தண்ணீர் லாரி திரும்பும் முனையில் போய் நின்றிருக்கிறாள். டீக்கடைக்காரர் பார்த்துவிட்டு இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார். நானே தொறந்தேன் என்று அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. தங்கைக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அன்று மாலை கூரை அதிர்ந்தது. பலகை பரணுக்குப் போனது. சாவி வாசல் கதவின் உச்சியில் எட்டாத உயரத்தில் புதுத் தாழ்ப்பாள் ஒன்றை மாட்டினார். நான் தங்கை பக்கம்தான். பெற்றவளுக்கு வயிறு பற்றி எரியாமல் என்ன செய்யும்?

ஆனாலும் அதற்குப் பிறகு அந்த வீட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை. பொடிசு பரணுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பாள். அவர் கடையிலிருந்து வந்து கை கழுவுவார், கழுவிய கையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் என்னைத் தூது அனுப்பினார், பலகையை மட்டும் இறக்கித் தரச்சொல்லி. தங்கை பிடி கொடுக்கவில்லை.

“லாரி அடிச்சிருந்தா அந்தப் பலகைய வெச்சுக்கிட்டு என்னக்கா பண்றது? இவர் இப்படித் தொறக்கக் கத்துக்கொடுத்தா, புள்ளைய விட்டுட்டு நான் எப்படி வேலைக்குப் போறது? பழைய இரும்புக்காரர் வரட்டும், தூக்கிப் போட்டுடறேன்.”

நான் அதை அப்படியே போய்ச் சொல்லவில்லை. கொஞ்ச நாள் போகட்டும் மாப்பிள்ளை என்று மட்டும் சொன்னேன். சொல்லாததையும் புரிந்துகொண்ட மாதிரி தலையாட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் மாடியில்தான் இருந்தேன். தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள், அவர் தூங்கிக்கொண்டிருந்தார். குளியலறைக் கதவு அறைந்து சாத்தப்படும் சத்தமும், தொடர்ந்து இரும்பு உரசும் சத்தமும் கேட்டன. அந்தக் கதவின் மேல் தாழ்ப்பாள் எப்போதோ கழன்று விழுந்துவிட்டது. ஊரார் வீட்டுக் கதவையெல்லாம் பார்ப்பவருக்குத் தன் வீட்டுக் கதவைப் பார்க்க நேரமில்லை. இருந்தது கீழே ஒன்றுதான், பொடிசின் மார்பு உயரத்தில், ஈரத்தில் துருவேறிக் கிடந்தது. அவள் உள்ளங்கையை வைத்து அழுத்தித் தள்ளியதில் உள்ளே போய்விட்டது. திரும்பி வரவில்லை.

உள்ளே குழாய் திறந்திருந்தது. தொட்டி நிரம்பி வழியும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. கால் வழுக்கினால் அந்தத் தண்ணீரில் தலைகுப்புற விழுவாள்.

சாவி பையோடு ஓடிவந்தார். அத்தனை கருவிகள் இருந்தும் ஒன்றும் பயன்படவில்லை. தாழ்ப்பாளுக்குச் சாவித்துளை கிடையாது. கதவு உள்பக்கம் திறப்பது, அதனால் கீல்களும் உள்ளேதான். உடைக்கலாம் என்றால் பிள்ளை கதவை ஒட்டி நிற்கிறாள். ஊர்ப் பூட்டையெல்லாம் திறந்தவர் பையைக் கீழே போட்டுவிட்டுக் கதவிடுக்கில் வாயை வைத்தார். பலகையில் சிவப்புக் கயிறு கட்டிய தாழ்ப்பாள் நினைவிருக்கிறதா, அதே மாதிரிதான் இதுவும், குமிழைத் தூக்கிவிட்டு உன் பக்கம் இழு என்று பலகை முன்னால் உட்கார்ந்து பேசுவதுபோலவே சொன்னார்.

“தூக்கிட்டேம்பா. வர மாட்டேங்குது.”

இன்னொரு தடவை என்றார். இழுக்கும் முனகல் கேட்டது. பிறகு அவள் அழ ஆரம்பித்தாள். எல்லாம் சரியாகத்தான் செய்கிறாள், இரும்புதான் அசையவில்லை. அவர் நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

“எண்ணெய் போட்டுட்டேன் அக்கா. பலகையில இருந்த எல்லாத்துக்கும் எண்ணெய் போட்டுட்டேன். இறுகின தாழ்ப்பாள அவ தொட்டதே இல்ல.”

தங்கை அவரைத் தோளைப் பிடித்து நகர்த்திவிட்டுக் கதவின் முன் மண்டியிட்டாள். இவள் கத்தப்போகிறாள், பிள்ளை இன்னும் பயப்படப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் குளிப்பாட்டும் நேரத்தில் பேசும் குரலில் பேசினாள்.

“தங்கம், மீன் எங்க இருக்கு?”

அழுகை நின்றது. கையில்தான் இருக்கிறது என்று பதில் வந்தது. மீனோடு விளையாடத்தானே உள்ளே போயிருக்கிறாள்.

“மீன் எப்படி இருக்கும்?”

“வழுவழு.”

“தாழ்ப்பாள்?”

“சொரசொர.”

“அப்போ மீனைத் தாழ்ப்பாள் மேல நல்லாத் தேய்டா. அதுவும் வழுவழுன்னு ஆகட்டும்.”

உள்ளே தேய்க்கும் சத்தம் கேட்டது. பொறுமையான பிள்ளை, மேலே கீழே பக்கவாட்டில் என்று தேய்த்துக்கொண்டே இருந்தாள். அதற்குள் சாவிக்கு உயிர் வந்துவிட்டது. தங்கையின் பக்கத்தில் அவரும் மண்டியிட்டு, உடனே இழுக்காதே, இப்படிக் கொஞ்சம் அப்படிக் கொஞ்சம் ஆட்டு என்று சொல்லிக்கொடுத்தார். தங்கை தேய் என்பாள், அவர் ஆட்டு என்பார். இரண்டு பேரும் சண்டையில்லாமல் ஒரே வேலையைச் செய்து நான் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. கீச்சென்று ஒரு சத்தம், பிறகு டக்கென்று ஒன்று.

கதவு திறந்தது. தலை முதல் கால் வரை நுரையும் துருவுமாக நின்றவள், நானே தொறந்தேன் என்றாள். தங்கை அவளை வாரிக்கொண்டாள். நான் குழாயை மூடப் போகிற சாக்கில் உள்ளே போய் அழுது தீர்த்தேன்.

அன்றே சாவி அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு எட்டாத உயரத்தில் புதிதாக ஒன்று மாட்டினார். கழற்றியதைக் குப்பையில் போடக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். அங்கே தங்கை ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்து பலகையை இறக்கிக்கொண்டிருந்தாள். முந்தானையால் அதன் தூசியைத் துடைத்து, பழைய இடத்திலேயே சாய்த்து வைத்தாள். பிறகு அவர் கையில் இருந்த துருத் தாழ்ப்பாளைப் பார்த்தாள்.

“அதையும் இதுல மாட்டுங்க,” என்றாள். “எண்ணெய் மட்டும் போட்டுடாதீங்க.”