தோசைக்கல்லில் நான் ஊற்றிய எண்ணெய்

என் மகள் இரண்டாவது பிள்ளையை வீட்டிலேயே பெற்றுக்கொள்ளப் போவதாகச் சொன்ன அன்று நான் அவளோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. மூன்றாம் நாள் மாப்பிள்ளை வந்து, "அத்தை, நீங்க பேசலைன்னு அவ சரியா சாப்பிடறதில்ல" என்றார். "வயித்துப் புள்ளைக்காகவாவது சாப்பிடச் சொல்லுங்க" என்றேன். அதையும் அவரிடம்தான் சொன்னேன், அவளிடம் இல்லை.

என் கோபத்துக்குக் காரணம் இருந்தது. எங்கள் குடும்பத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துப் பிள்ளை பெற்ற முதல் பொம்பளை நான். என் அம்மா ஏழு பெற்றாள், தங்கியது நாலு. எல்லாம் தரையில், சாக்குப் பையை விரித்துப் பெற்றது. நான் நாலாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் ராஜகீழ்ப்பாக்கத்தில் இட்லி மாவுக் கடை போட்டு, ஒரு கிரைண்டர் நாலு கிரைண்டராகி, புருஷன் போன பதினாறாம் நாளே கடையைத் திறந்து, இவளை டீச்சருக்குப் படிக்க வைத்தவள். இவள் இன்றைக்கு சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் சொந்த வீட்டில் இருக்கிறாள். அந்த வீட்டில் தரையில் பிள்ளை பெறப் போகிறாளாம்.

பேச்சை நானேதான் ஆரம்பித்தேன். "இத்தினி வருசம் மாவாட்டி உன்னை மேல ஏத்திவுட்டா, திரும்பவும் உங்க ஆயா பெத்த தரைக்கே வந்துட்டியாடி?"

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் கேட்டாள். "பெரியவன் பொறந்தப்ப நீ எங்கம்மா இருந்த?"

எங்கே இருந்தேன்? ஆஸ்பத்திரி வராந்தாவில், பிளாஸ்டிக் நாற்காலியில். காலையிலிருந்து சாயங்காலம் வரை. உள்ளே விடமாட்டேன் என்றார்கள். நல்ல இடம், பெரிய இடம், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நானும் பெருமையாக உட்கார்ந்திருந்தேன்.

"நான் கத்தினேன்னு தொடையில அடிச்சாங்கம்மா. கையைப் பிடிச்சிக்க ஒரு ஆள் இல்ல. உன்னைக் கூப்பிடுங்கன்னு கெஞ்சினேன். வாயை மூடிக்கினு முக்குன்னாங்க."

அஞ்சு வருசம் இதை எனக்குச் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். எல்லா ஆஸ்பத்திரியும் அப்படி இல்லைதான். ஆனால் அவளுக்கு நடந்தது அது. அதுக்கு மேல் நான் எதிர்த்துப் பேசவில்லை. மனசு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம், மகள் பேசி வைத்திருந்த மருத்துவச்சி வந்தார்கள். இரும்புலியூரிலிருந்து ஸ்கூட்டியில், முன்னால் ஒரு பெரிய பையை வைத்துக்கொண்டு. நாற்பது வயசு இருக்கும். நர்சுக்குப் படித்துவிட்டு, அப்புறம் பிரசவத்துக்கென்றே தனியாகப் படித்தார்களாம். எந்த ஆஸ்பத்திரியிலும் சம்பளத்துக்கு இல்லை. கூப்பிட்ட வீட்டுக்கு வருவார்கள். மருத்துவச்சி என்றதும் நான் வெற்றிலை போட்ட ஒரு கிழவியை நினைத்திருந்தேன். இவர்கள் வந்ததும் செருப்பைக் கழற்றி, சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினார்கள். அது எனக்குப் பிடித்தது. மாவில் கை வைக்கும் முன்னால் நானும் அப்படித்தான் கழுவுவேன்.

"சிஸ்டர், காப்பி சாப்பிடறீங்களா?" என்றேன்.

"சர்க்கரை கம்மியா குடுங்கம்மா. சிஸ்டர் எல்லாம் வேணாம், பொண்ணுன்னு நெனச்சுக்கோங்க."

ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, பிரஷர் எல்லாம் பார்த்தார்கள். "எல்லாருக்கும் நான் ஒத்துக்க மாட்டேம்மா. முன்னாடி ஆபரேஷன் ஆயிருந்தா, பிரஷர், சர்க்கரை, ரெட்டைப் புள்ள, இதுல எது இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவேன். உங்க பொண்ணுக்கு இது வரைக்கும் ஒண்ணும் இல்ல" என்றார்கள். பத்து நிமிஷத்தில் போகிற ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு டாக்டரிடமும் சொல்லி வைத்திருந்தார்கள்.

கடைசியில் எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்து ரெண்டு விஷயம் சொன்னார்கள். "நான் கிளம்புன்னு சொன்னா கிளம்பிடணும். ஏன்னு கார்ல கேளுங்க. இன்னொண்ணு, எனக்குத் தெரியாம இவ வாயில எதுவும் போகக் கூடாது. கஷாயம், எண்ணெய், லேகியம், எதுவா இருந்தாலும் என்கிட்ட கேட்டுட்டுத்தான்." இதைச் சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன்.

பிரசவத்துக்குச் சொன்ன நாள் வந்தது, போனது. ஒரு நாள், ரெண்டு நாள், ஆறு நாள். பக்கத்து வீட்டம்மா மதில் மேல் தலையை நீட்டி, "என்ன, இன்னுமா?" என்பாள். தண்ணி கேன் போடுகிறவர்கூட கேட்டுவிட்டார். மகள் காலையும் மாலையும் ஏரிக்கரையில் நடந்தாள். மருத்துவச்சி ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து துடிப்புக் கேட்டார்கள். "புள்ள நல்லா இருக்கு. ஒரு வாரம் தாண்டிச்சுன்னா டாக்டர்கிட்ட போய் முடிவு பண்ணுவோம்" என்றார்கள்.

அவர்கள் போனதும் மகள் கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொண்டாள். முதுகு குலுங்கியது. திரும்பவும் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே போகணுமே என்று அழுகிறாள். ஒரு நாள்தான் மிச்சம்.

என் அம்மாவுக்குப் பிரசவ நாள் தள்ளிப்போனால் விளக்கெண்ணெய் கொடுப்பார்கள். வயிறு கலங்கினால் வலி தானாகக் கிளம்பும் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. மருத்துவச்சியிடம் கேட்டால் வேண்டாம் என்பார்கள் என்று தெரியும். அதனால்தான் நான் கேட்கவில்லை. இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை தோசை ஊற்றினேன். கல்லில் நல்லெண்ணெய் விடுகிற இடத்தில் விளக்கெண்ணெய் விட்டேன். மிளகாய்ப் பொடியையும் அதிலேயே குழைத்தேன். நல்ல காரமான பொடி, வாசனை தெரியாது. மூணு தோசை.

"என்னம்மா பொடி வழவழன்னு இருக்கு?"

"புது பாட்டிலுடி. சாப்டு."

அம்மா கை தோசை என்று சாப்பிட்டாள்.

பெரியவன் பள்ளிக்கூடம் போய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, வலி வந்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் பெருமை. கடவுளே, என் கைவேலை! ஆனால் வலியோடு வயிற்றுப்போக்கும் வந்தது. நாலு தடவை, அஞ்சு தடவை. வலிக்கு ஒரு ஒழுங்கு இல்லை. ஒன்று விடுவதற்குள் இன்னொன்று பிடித்தது. உதடு காய்ந்துபோய் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் பெருமை எல்லாம் பாத்ரூம் வாசலிலேயே வடிந்துவிட்டது.

மருத்துவச்சி பத்து மணிக்கு வந்தார்கள். சூடு பார்த்தார்கள், நாடி பார்த்தார்கள், வயிற்றில் சின்ன மிஷினை வைத்துத் துடிப்பு கேட்டார்கள். திரும்பக் கேட்டார்கள். முகத்தில் சிரிப்பு போய்விட்டது. கூடத்துக்கு வந்து மாப்பிள்ளையிடம் தணிந்த குரலில் பேசினார்கள்.

"இவ நாடி வேகமா இருக்கு. புள்ளைத் துடிப்பும் ஏறி நிக்குது. காய்ச்சல் இல்ல, ஆனா எதனாலன்னு தெரியல. காரணம் தெரியாம நான் வீட்ல வச்சுக்க மாட்டேன். காரைத் திருப்பி நிறுத்துங்க."

உள்ளே இருந்து மகளுக்குக் கேட்டுவிட்டது. "வேணாம்... அங்க வேணாம்..." என்றாள். கத்தவில்லை, சின்னப் பிள்ளை மாதிரிச் சொன்னாள்.

நான் அடுப்பங்கரையில் நின்றிருந்தேன். வாடிக்கைக்காரர்கள் முன்னால் ஒரு நாள்கூடத் தலை குனிந்ததில்லை. மாவு புளித்துவிட்டது என்று எவளாவது சொன்னால் வாளியோடு கொட்டிவிட்டு வேறு மாவு கொடுப்பேனே தவிர மன்னிப்புக் கேட்க மாட்டேன். இப்போது என் மகள் வயசைவிடக் கொஞ்சமே கூடின ஒருத்தி முன்னால், மாப்பிள்ளை காதுபட, நான் செய்ததைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவளை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அங்கேயும் காரணம் தெரியாமல் என்ன செய்வார்களோ.

"இங்க வாம்மா," என்றேன். பாட்டிலை எடுத்து மேடையில் வைத்தேன். "காலையில இதுலதான் தோசை ஊத்தினேன்."

அவர்கள் பாட்டிலைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள். இப்போது திட்டுவார்கள் என்று நின்றேன்.

"எத்தனை ஸ்பூன் இருக்கும்? எத்தனை மணிக்கு?"

அவ்வளவுதான் கேட்டார்கள். சொன்னேன். பொடியில் ரெண்டு, கல்லில் ரெண்டு, ஏழரை மணி. எழுதிக்கொண்டார்கள். உடனே அந்த டாக்டருக்குப் போன் போட்டு, பூசி மெழுகாமல் அப்படியே சொன்னார்கள். போனை வைத்துவிட்டு, "தண்ணிச் சத்து போனதால துடிப்பு ஏறியிருக்கலாம். ஒரு மணி நேரம் பாப்போம். இறங்கலைன்னா கிளம்பிடுவோம். இதை அவகிட்ட நீங்களே சொல்லுங்கம்மா" என்றார்கள்.

"புள்ள பொறக்கட்டும், அப்புறம் சொல்லிக்கிறேனே."

"இல்லம்மா. தன் உடம்புல என்னமோ கோளாறுன்னு அவ பயந்து போயிருக்கா. காரணம் தெரிஞ்சா அந்தப் பயமாவது போகும். அவ உடம்பு, அவளுக்குத் தெரியணும்."

போனேன். கட்டில் விளிம்பைப் பிடித்து முட்டி போட்டிருந்தாள். காதுக்கருகில் குனிந்து சொன்னேன். ஒரு வலி முடிகிற வரைக்கும் கட்டிலை இறுக்கினாள். அப்புறம் தலையைத் திருப்பி, "பொய் சொன்னியாம்மா? தோசையிலயா?" என்றாள். "நான் எழுந்திரிச்சதும் உன்னை என்ன பண்றேன் பாரு."

"எழுந்திரிச்சு பண்ணுடி," என்றேன்.

வாசல் பக்கமிருந்து மாப்பிள்ளை, "அத்தை, நான் ரெண்டு தோசை சாப்பிட்டேனே, அதுலயுமா?" என்றார். அந்த வலியிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்களுக்கு நல்லெண்ணெய்தான்," என்றேன். அவருக்கு உயிர் வந்தது.

இளநீர், உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணி, மாற்றி மாற்றி மடக்கு மடக்காகக் கொடுத்தோம். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் மிஷினை வைத்துக் கேட்டார்கள். மாப்பிள்ளை கார் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். என்னை வெளியே போகச் சொல்லப் போகிறார்கள் என்று நானாகவே கதவுப் பக்கம் ஒதுங்கினேன். பொய் சொன்னவளுக்கு உள்ளே என்ன இடம்?

"எங்கம்மா போறீங்க? இங்க வாங்க." என் ரெண்டு கையையும் பிடித்து மகளின் இடுப்பில் ரெண்டு பக்கமும் வைத்தார்கள். "வலி வரும்போது இப்படி உள் பக்கமா அழுத்துங்க. மாவு அண்டா தூக்கின கை, நல்லா அழுத்துங்க."

அழுத்தினேன். "அங்கதாம்மா... விடாத," என்றாள் மகள். பெரியவன் பிறந்தபோது அவள் கேட்டும் கிடைக்காத கை இது என்று நினைத்தேன். கண்ணைத் துடைக்க முடியவில்லை, கை அங்கே இருந்தது.

ஒரு மணி நேரம் ஆவதற்குள் துடிப்பு இறங்கியது. "நல்லா வந்திருச்சு," என்றார்கள். பன்னிரண்டரைக்கு நீர்க்குடம் உடைந்தது. அவர்கள் குனிந்து நீரின் நிறத்தைப் பார்த்தார்கள். பச்சையாக இருந்தால் பிள்ளைக்குக் கஷ்டம், அப்போதும் கிளம்ப வேண்டும். "தெளிவா இருக்கு" என்று அவர்கள் சொன்னதும்தான் மாப்பிள்ளை சாவியை அலமாரியில் வைத்தார்.

யாரும் கத்தாதே என்று சொல்லவில்லை. தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். முட்டி போட்டபடி, கட்டில் மேல் சாய்ந்து, ரெண்டு மணி ஆகக் கொஞ்சம் இருக்கும்போது பெற்றாள். பெண். அவர்கள் பிள்ளையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நிற்கவில்லை. அவள் கால் நடுவிலிருந்து அவள் நெஞ்சுக்கே கொடுத்துவிட்டார்கள். கீழே மெத்தையும் அலசிக் காயவைத்த துணியும் நாலு மடிப்பாக விரித்திருந்தது. என் அம்மாவின் தரை அது இல்லை. எனக்குப் புரிய அத்தனை நாள் ஆயிற்று.

நஞ்சுக்கொடி முழுசாக விழுந்ததா என்று புரட்டிப் பார்த்தார்கள். உதிரம் எவ்வளவு என்று பார்த்தார்கள். சாயங்காலம் வரைக்கும் நகரவில்லை. கிளம்பும்போது நான் கையெடுத்துக் கும்பிட்டேன். எனக்கு அது பழக்கமில்லை.

அவர்கள் என் கையில் சூடு பார்க்கிற குச்சியைக் கொடுத்தார்கள். "நாளைக்குக் காலையில வருவேன். அது வரைக்கும் நீங்கதான் என் கண்ணு. நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் சூடு, எத்தனை துணி மாத்தினா, பாப்பா எத்தனை தடவை ஒண்ணுக்குப் போச்சு, எல்லாம் போன்ல சொல்லுங்க. ஏதாவது வித்தியாசமா தெரிஞ்சா யோசிக்காம கூப்பிடுங்க."

மகள் படுத்தபடியே, "எங்கம்மாகிட்டயா? தோசையில எண்ணெய் மாத்தினவங்ககிட்டயா?" என்றாள்.

"அதைத் தானா வந்து சொன்னதும் அவங்கதான்," என்றபடி மருத்துவச்சி ஸ்கூட்டி சாவியை எடுத்தார்கள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். சூடு சொன்னேன், துணி சொன்னேன். "ரசம் சாதம் ரெண்டு கரண்டி சாப்ட்டாம்மா, மிளகு கொஞ்சம் தூக்கலாப் போட்டேன், அதையும் எழுதிக்கோ," என்றேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. "எழுதிக்கிட்டேம்மா," என்றார்கள்.