அவர் பார்த்ததாக எழுதிய அஸ்தமனம்

திங்கட்கிழமை ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். இரண்டு முறை கால நீட்டிப்பு வாங்கியாயிற்று. இனி கிடையாது என்று பல்கலைக்கழகத்தில் சொல்லிவிட்டார்கள். அப்படியிருந்தும் சனிக்கிழமை மாலை, இரண்டு வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மலைக்கோட்டைப் படிகளில் ஏறிக்கொண்டிருந்தேன். ஆய்வேட்டின் முகப்புக்கு ஒரு படம் எடுக்கவேண்டியிருந்தது.

என் ஆய்வு, பதினெட்டாம் நூற்றாண்டில் நம் பக்கம் வந்த ஓர் ஐரோப்பியப் பயணியைப் பற்றியது. வெப்பமானியும் பாரமானியும் சுமந்துகொண்டு வந்தவர். செடிகள், காற்று, நம் சாப்பாடு என்று எதையும் விடாமல் எழுதியவர். அந்தக் காலத்து அறிஞர்களுக்கு ஒரு பெருமை உண்டு: காதால் கேட்டதை எழுத மாட்டோம், கண்ணால் கண்டதையும் கருவியால் அளந்ததையும்தான் எழுதுவோம் என்பார்கள். இவர் அந்தச் சொல்லைக் காப்பாற்றியவர் என்பதே என் வாதம். மார்கழியில் ஒருநாள் மலைக்கோட்டை உச்சியில் அமர்ந்து, ஸ்ரீரங்கத்துக் கோபுரங்களுக்குப் பின்னால் சூரியன் இறங்குவதைப் பார்த்தபடி வெப்பமானியில் அளவு குறித்ததாக அவர் எழுதியிருக்கிறார். அந்தப் பத்திதான் என் முதல் சான்று. அதே மாதம், அதே காட்சி, என் படத்தில் வரவேண்டும்.

உச்சியில் நல்ல காற்று. காவிரிக்கு அப்பால், தென்னைகளுக்கு மேலே கோபுரங்கள். போனை அந்தப் பக்கம் நீட்டியபடி நின்றேன். வெயில் இடது கன்னத்தில் அடித்தது.

"ஏம்மா, அங்க எதுக்குப் பார்த்துட்டு நிக்கிற? சூரியன் உறையூர் பக்கம்ல இறங்குது" என்றார் கூடவே ஏறி வந்திருந்த கணவர். அவர் கைக்கு மாறியிருந்த மகள் அவருடைய கண்ணாடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"இருங்க, இன்னும் கொஞ்சம் இறங்கட்டும்."

"இறங்கினா? வடக்க நகர்ந்து வந்துடுமா? உன் வெள்ளைக்காரர் கழுத்தை எந்தப் பக்கம் திருப்பிட்டு உட்கார்ந்திருந்தாரு?"

விளையாட்டாகத்தான் சொன்னார். நான் போனை இறக்கினேன். ஸ்ரீரங்கம் வடக்கே இருக்கிறது. மார்கழிச் சூரியனோ மேற்கிலிருந்து தெற்கே ஒதுங்கி மறைகிறது. ஆனி மாதமானால்கூட அந்தக் கோபுரங்கள்வரை அது வராது. நான் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். இன்றைய ராஜகோபுரம் அவர் காலத்தில் பாதியில் நின்றிருந்தது என்று பெருமையாக அடிக்குறிப்பெல்லாம் போட்டிருந்தேன். திசையை மட்டும் யோசிக்கவே இல்லை.

வெளிச்சம் மட்டும் அங்கே பட்டிருக்குமோ? நான்தான் தவறாகப் படித்தேனோ? இரண்டு பதிப்புகளிலும் ஒன்றாகவே இருந்தது நினைவுக்கு வந்தது. மகள் பசிக்கு அழ ஆரம்பித்தாள். அவளைச் சமாதானப்படுத்தாமல் ஆய்வு நெறியாளருக்குப் போன் செய்தேன்.

"எக்ஸாமினர் ரெண்டு பேருமே வெளியூர்மா. யாரு மலைக்கோட்டையில ஏறிப் பார்க்கப் போறா? பேசாம பைண்டிங்குக்குக் குடு" என்றார் அவர்.

"அவர் மேலயே ஏறலைன்னா, அந்த வெப்ப அளவும் சந்தேகம்தானே மேடம்?"

"ஏறலைன்னு உனக்கு எப்படித் தெரியும்? வேற ஊர்ல பார்த்ததை இங்க சேர்த்து எழுதியிருக்கலாம்ல?"

அதுவும் சரிதான். தெரியவில்லை என்பதுதான் என்னை வாட்டியது. விட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. தொட்டால் அத்தியாயமே சரியலாம், திங்கட்கிழமையும் கைநழுவலாம்.

ஞாயிறு காலை கே.கே. நகர் வீட்டில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். "இன்னைக்காவது முடியுமா, இல்ல இன்னொரு வருஷமா?" என்று மாமியார் வெளியிலிருந்து கேட்டார். குழந்தைக்குச் சோறு ஊட்டியதும் அவர்தான். மகள் கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்தாள். எழுந்து போய்த் தூக்கலாமா என்று ஒவ்வொரு முறையும் நினைத்தேன், போகவில்லை.

அத்தியாயத்தின் தொடக்கத்தை நீக்கிவிட்டுப் புதிதாக எழுதினேன். இப்படியொரு அஸ்தமனம் இந்தப் பாறையிலிருந்து தெரியாது. கண்ணை மட்டுமே நம்புவதாகச் சொன்னவர் ஏன் இப்படி எழுதினார்? ஊர் திரும்பியபின், தன் வாசகர்களுக்குக் கோபுரமும் சூரியனும் ஒரே காட்சியில் வேண்டும் என்று நினைத்தாரா? அவருடைய அளவுகளில் எவற்றை நம்பலாம், எவற்றை நம்பக்கூடாது என்று பிரித்தேன். முடிவுரை இளைத்துப்போயிற்று.

திங்கள் காலை நெறியாளர் அதை நின்றபடியே படித்தார்.

"உன் வாதத்தை நீயே வெட்டியிருக்கியே."

"ஆமா மேடம்."

"வைவால கிழிச்சிடுவாங்க. அவர் ஏறவே இல்லைன்னு எழுதியிருக்கியா?"

"இல்ல மேடம். இந்த ஒரு காட்சியைப் பார்த்திருக்க முடியாதுன்னு மட்டும்தான்."

மறுபடி அந்தப் பக்கத்தைப் புரட்டினார். "இதை எப்படிக் கண்டுபிடிச்சேன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

"ஏறிப் பார்த்தேன்னு சொல்லுவேன்."

அவர் பேனாவை எடுத்து ஒரு 'நிச்சயமாக'வை மட்டும் அடித்தார். "இதை எடுத்துட்டுப் பிரின்ட் போடு. சாயந்திரத்துக்குள்ள கொண்டு வா, கையெழுத்துப் போடறேன்."

பிரின்ட் கடைக்கு ஓடினேன். முகப்பு மட்டும் பாக்கி வைத்து முன்பே அச்சடித்திருந்த பிரதிகளை என்ன செய்வது என்று கடைக்காரர் கேட்டார். கிழித்துவிடச் சொன்னேன்.