இரண்டு முறை சூடான நூடுல்ஸ்

அந்த மருந்துக்கடை கவியாவின் பெயரில்தான் நடக்கிறது. ஆனால் அவளுடையதல்ல, கணவனின் அண்ணன் சகாதேவனுடையது. வீட்டில் டி.ஃபார்ம் படித்தவள் அவள் ஒருத்திதான். மருந்தாளுநர் இல்லாமல் மருந்து விற்கக் கூடாது என்பதால், கல்யாணமாகிக் கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலை வந்த மறுமாதமே அவளுடைய சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டுக் கடைச்சுவரில் மாட்டினார்கள். ஒன்பது வருடமாக, காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை, அவள் அதற்குக் கீழேதான் உட்கார்ந்திருக்கிறாள். தங்கையின் வளைகாப்புக்குக்கூட அரை மணி நேரம்தான் போனாள்.

சகாதேவன் கெட்டவரல்ல. குரல் உயர்த்திப் பேசவும் மாட்டார். கவியா பிரசவத்துக்குப் போயிருந்தபோது மருந்துக்கடைகளைச் சோதனையிடும் டிரக்ஸ் இன்ஸ்பெக்டர் வந்து, மருந்தாளுநர் இல்லையென்று கடையைப் பத்து நாள் மூட வைத்தார். அந்தப் பயம் சகாதேவனை விட்டுப் போகவேயில்லை.

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை, கூடப் படித்த அபிநயா பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். உள்ளூரிலேயே இருக்கும் உம்மே ஹானியும் அவளும் சேர்ந்து கவியாவை அழைத்தார்கள். வியாபாரம் மந்தமான மூன்று மணிக்கு, “ஒரு மணி நேரத்துல வந்துடறேன் மாமா” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

செங்கம் சாலையில் நாலே மேசை போட்ட சைனீஸ் கடை. டார்ஜிலிங்காரர் ஒருவர் கரி அடுப்பில் இரும்புச் சட்டியை வைத்து நூடுல்ஸைத் தூக்கித் தூக்கிப் போட்டார். தட்டு வந்ததும் புகை வாசனையோடு இரண்டு வாய் சாப்பிட்டிருப்பாள். போன் அடித்தது.

“இன்ஸ்பெக்டர் வந்திருக்காரும்மா. சீக்கிரம் வா.”

கை கழுவாமல் ஆட்டோ பிடித்து ஓடினாள். கடையில் யாருமில்லை. சகாதேவன் மட்டும் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“இன்ஸ்பெக்டர் எங்க மாமா?”

“வரலம்மா. வந்தா நீ எவ்ளோ நேரத்துல வருவேன்னு பாத்தேன். பதினாறு நிமிசம். ரொம்ப ஜாஸ்தி.”

கவியா கையைப் பார்த்தாள். விரல்களில் எண்ணெய் பிசுபிசுத்தது. பழக்கத்தில் கால் நாற்காலியை நோக்கிப் போனது. உட்காரப் போனவள் நிமிர்ந்தாள்.

“அப்ப ஷட்டரை எறக்கிடுங்க மாமா.”

“எதுக்கும்மா?”

“நான் இல்லாம தொறந்திருந்தா தப்புதானே? அஞ்சு மணிக்கு வரேன்.”

அவர் காதில் சரியாக விழாததுபோல் பார்த்தார். அவளே கொக்கியை மாட்டி ஷட்டரை இழுத்தாள். பாதி இறங்கியதும் அவர் பேப்பரோடு குனிந்து வெளியே வந்தார். அவள் ஆட்டோவில் ஏறி, மறுபடியும் செங்கம் சாலைக்குப் போகச் சொன்னாள்.

தோழிகள் அவள் தட்டை இன்னொரு தட்டால் மூடி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். டார்ஜிலிங்காரர் கேட்காமலே அதை எடுத்துப் போய் மறுபடியும் சட்டியில் போட்டார். ஓரமெல்லாம் கருகி வந்தது.

“வேற சொல்லட்டுமா?” என்றாள் ஹானி.

“வேணாண்டி. இதுவே நல்லாருக்கு.”

ஆனாலும் நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை. அபிநயா தன் ஆபீஸ் மேனேஜரைப் பற்றிச் சொல்ல, ஹானி விழுந்து விழுந்து சிரித்தபோதும், கவியாவின் கண் சுவர்க் கடிகாரத்துக்கே போனது. எந்த ஆட்டோ நின்றாலும் திரும்பிப் பார்த்தாள். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே எழுந்துவிட்டாள்.

அன்று இரவு கணவன் முருகவேல், “அண்ணன் மனசு ஒடஞ்சிட்டாரு. மன்னிப்பு கேளு” என்றான். அவள் கேட்கவில்லை. சகாதேவன் நான்கு நாள் அவளிடம் பேசவில்லை. ஐந்தாம் நாள், “பாராசிட்டமால் கம்மியா இருக்கு, எழுதி வை” என்றார். அவ்வளவுதான். நாற்காலியும் நேரமும் மாறவில்லை.

நேற்று அபிநயா போன் செய்தாள். “பொங்கலுக்கு வரேன். நீ வருவியா?”

சகாதேவன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

“கேட்டுட்டுச் சொல்றேன்” என்று ஆரம்பித்த கவியா, சற்று நிறுத்தினாள்.

“இல்ல, சொல்லிட்டு வரேன்.”