சூடம் அணைத்து வாங்கிய ஏஜென்சி

பிள்ளைகளே, ஒரு வருஷம் நம் தொழுவத்தில் உழவு மாடே இல்லாமல் இருந்தது ஏன் என்று நீங்கள் கேட்டதுண்டு. எனக்கே அது சரியாக விளங்காததால் ஏதோ சொல்லி மழுப்பியிருக்கிறேன். இப்போதும் முழுக்க விளங்கிவிடவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

யுத்தம் வருவதற்கு முந்தைய காலம். திண்டிவனம் ரயிலடிக்குப் பக்கத்தில் எனக்குச் சின்ன மளிகைக் கடை. ஊரில் கேப்பையும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிற கொல்லை. ஒரு நாள் பொழுது சாயும் வேளையில் மதராஸ் கம்பெனிக்காரர் ஒருவர் வந்தார். காற்றடித்து எரிக்கிற கேஸ் லைட்டு ஒன்றை என் கடைவாசலில் ஏற்றிக் காட்டினார். மல்லாட்டை மூட்டை ஏற்றிப் போன வண்டிகள் எல்லாம் நின்றுவிட்டன. திண்டிவனம் தாலுகா முழுக்க எனக்கு மட்டும்தான் ஏஜென்சி என்றார். விற்காத விளக்கைக் கம்பெனியே திரும்ப எடுத்துக்கொள்ளும், நான் டிபாசிட் கட்டினால் போதும் என்றார்.

டிபாசிட்டுக்கு இருந்த ஒரே வழி, ஜோடி மாடுதான். உங்கள் அம்மா கேட்டாள்: "மாட்டை வித்துப்புட்டு, வெளக்கையா ஏர்ல பூட்டப் போறீங்க?" அடுத்த உழவுக்குள் இதைவிட நல்ல ஜோடி வாங்கிவிடலாம் என்று அவளைச் சமாதானப்படுத்தினேன்.

அக்ரிமெண்டு இங்கிலீஷில் இருந்தது. நான் ஐந்தாவது வரை படித்தவன். யாரிடமாவது காட்டியிருக்கலாம். அப்போது அது முக்கியமாகவே படவில்லை. நம் பக்கத்தில் ஒருவர் பேச்சில் சந்தேகம் வந்தால், சாமி முன்னால் சூடம் ஏற்றி அணைக்கச் சொல்வோம். பொய்யை வைத்துக்கொண்டு யாரும் அணைக்கத் துணிய மாட்டார்கள். அவரையும் வண்டி கட்டித் திருவக்கரை அம்மன் கோயிலுக்கு அழைத்துப் போனேன். அவர் தயங்கவே இல்லை. "இந்தத் தாலுகாவுல உங்களைத் தவிர வேற ஆளைப் போட மாட்டேன்" என்று சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். வழியெல்லாம் கையை ஊதிக்கொண்டே வந்தார். அந்த வாரமே மாட்டை விற்று டிபாசிட் கட்டிக் கையெழுத்துப் போட்டேன்.

கொஞ்ச நாளில் கடைத்தெருப் பாத்திரக் கடையில் அதே விளக்கு தொங்கியது. போய்க் கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏஜென்சி எனக்குத்தானே? நீங்க யாரு நடுவுல?" என்றார். விழுப்புரத்திலிருந்து வந்த வேறொரு ஆள், அதே கம்பெனி பேரைச் சொல்லி அவருக்குக் கொடுத்திருக்கிறார். இரண்டு பேரும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

விழுப்புரத்துக்கு ஓடி ஒரு வக்கீலிடம் அக்ரிமெண்டைக் கொடுத்தேன். கம்பெனி எத்தனை ஏஜெண்டு வேண்டுமானாலும் போடலாம், சரக்கு திரும்பாது, சரக்குக்கு ஈடாக டிபாசிட்டும் கம்பெனியிடமே நிற்கும் என்று படித்துச் சொன்னார். சூடம் அணைத்ததைச் சொன்னேன். "அணைச்சது அவரு. கையெழுத்து கம்பெனி கையெழுத்தாச்சே" என்றார். எனக்கு அது புரியவில்லை. கம்பெனி என்று நான் பார்த்ததே அந்த ஒரு ஆளைத்தான்.

அடுத்த ஆர்டர் கேட்டு அந்தக் கம்பெனிக்காரர் வந்தபோது, பாத்திரக் கடையைக் காட்டினேன். முகம் சுருங்கிப்போயிற்று.

"நான் யாரையும் போடலீங்க. மேல இருக்கறவங்க போட்டுட்டாங்க. அவங்க எங்கிட்ட சொன்னதைத்தான் நான் உங்ககிட்ட சொன்னேன்."

"அப்ப நான் யாரைங்க கேக்கறது?"

"கம்பெனியைத்தான்."

"நீங்கதானேங்க கம்பெனி?"

அவர் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார். "வேணும்னா இப்பவே திருவக்கரைக்குப் போலாம் வாங்க. எனக்குத் தெரியாதுன்னு சூடம் அணைக்கறேன்" என்றார். அணைப்பார் என்றுதான் எனக்கும் தோன்றியது. அதுவும் நிஜமாகவே இருக்கலாம்.

"வேணாங்க," என்றேன். "அதுல என் மாடு வந்துருமா?"

காபி வாங்கித் தரவா என்று கேட்டேன். வேண்டாம் என்று ரயிலுக்குப் போய்விட்டார். அவரைத் திட்டாமல் காபி வேண்டுமா என்று ஏன் கேட்டேன் என்றும் தெரியவில்லை.

மழை பெய்தது. ஊரில் எல்லாரும் ஏர் கட்டினார்கள். அவரவர் கொல்லை முடிந்த பிறகுதான் நமக்கு வாடகை மாடு கிடைத்தது. அதற்குள் ஈரம் போய்விட்டது. கேப்பை பாதிதான் முளைத்தது. உங்கள் அம்மா வரப்பில் நின்று அதைப் பார்த்துவிட்டு, "கம்பெனின்னா யாருதாங்க?" என்று கேட்டாள். நானும் கொல்லையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.